நறுமுகை சேர்ந்த அரசுப் பள்ளி

தென்காசி,
நவம்பர் 8, சனிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பாஹிமாவும் மாமியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். நீங்களும் ரூமில் உங்களோடு இருப்பவர்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதீர்கள். போனில் பேசும்போது ஒரு பக்கம் உங்கள் உம்மா, மறுபக்கம் நம் மகள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இதைச் சொல்ல முடியாது. உங்கள் அக்கா மகன் சலீம் லீவு முடிந்து நாளைக்கு ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். முறுக்கு டப்பாவுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். அவன் எதிரில் பிரிக்க வேண்டாம்.

கடிதத்தின் தலையில் பிஸ்மிக்குப் பதிலாகப் போடுகிற 786 இல்லையே என்று தேடுவீர்கள். நீங்கள் சவூதியில் தம்மாம் போன புதிதில் வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய எந்தக் கடிதத்திலும் அது இல்லாமல் இருந்ததில்லை. இன்றைக்கு அதைப் போடக் கை வரவில்லை. காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது.

இலஞ்சி சுந்தரபாண்டியனை உங்களுக்குத் தெரியும். போன தேர்தலில் நம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்து, வாசலில் நின்று மாமியைப் பார்த்து, ‘ஆச்சி, நான் உங்க வீட்டுப் பிள்ளை’ என்று கும்பிட்டாரே, அவர்தான். இப்போது கட்சியில் மாவட்ட அளவில் பெரிய பொறுப்பு. எந்த மேடை ஏறினாலும் அரசுப் பள்ளி, தாய்மொழி, ஹிந்தி வேண்டாம், இந்த மூன்றும்தான் பேச்சு. நன்றாகப் பேசுவார். காய்கறிப் பையோடு நானே இரண்டு தடவை நின்று கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள். பெயர் நறுமுகை. பெயர் வைத்ததில் இருக்கிற தமிழ் பள்ளிக்கூடத்தில் இல்லை. குற்றாலம் போகிற வழியில் நீச்சல் குளம் எல்லாம் இருக்கிற பெரிய பள்ளியில் சேர்த்திருந்தார். போன மே மாதம் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு வீடியோ போட்டார்கள். ஒரு பாதியில் அப்பா ஹிந்தி வேண்டாம் என்று மேஜையைத் தட்டுகிறார். மறுபாதியில் மகள் ஆண்டு விழாவில் ஹிந்திப் பாட்டுப் படிக்கிறாள். ஊரில் அதைப் பார்க்காத போன் கிடையாது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன், உங்களிடம் மறைப்பானேன்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று மகளை அங்கிருந்து எடுத்து, நம் பாஹிமா படிக்கிற பெண்கள் பள்ளியில், அதே ஒன்பதாம் வகுப்பில், அதே பிரிவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள், லட்டு, மாலை. மத்தியானம் அந்தப் பிள்ளை தட்டை ஏந்தி வரிசையில் நின்று சத்துணவு வாங்கித் தின்கிற படம் மறுநாள் பேப்பரில் வந்தது. ‘சொன்னதைச் செய்தவர்’ என்று மேலே போட்டிருந்தார்கள். அப்போதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளியில் நம் பிள்ளை படிக்கிறாள். மழையில் ஒழுகுகிற வகுப்பில் குடை பிடித்து உட்கார்ந்து படித்தவள். யாராவது அவளை ஒரு படம் எடுத்தார்களா? வேறு போக்கு இல்லாமல் நாம் அனுப்பினால் அது சாதாரணம். போக்கு இருக்கிறவர் அனுப்பினால் அது தியாகம். நம் பிள்ளைகள் தினம் தின்கிற முட்டையை அவர் பிள்ளை ஒரு நாள் தின்றால் செய்தி. பொறாமை என்று சொல்லுங்கள் மச்சான், சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் நம் வீட்டில் ‘நறுமுகை’ என்ற பெயர் இல்லாமல் ஒரு சாயங்காலம் போகவில்லை. நறுமுகைக்கு அது வருதாம், நறுமுகை இது சொன்னாளாம். அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷும் கணக்கும் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்குமாம். பழைய பள்ளியில் பெயருக்கு ஒரு பாடமாக இருந்ததாம். நம் மகள் இடைவேளை எல்லாம் உட்கார்ந்து அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். காலாண்டுத் தேர்வு வந்தது. மூன்று வருஷமாக முதலில் நின்ற நம் பிள்ளை இரண்டாவது, வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்டவள் முதலாவது. தமிழ் தவிர மற்ற பாடங்களை அவளை இங்கிலீஷிலேயே எழுத விட்டார்களாம். பாஹிமா சிரித்துக்கொண்டே மார்க்கைச் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது.

நம் கிதிர் முகம்மது காக்கா பெஞ்சாதி ஜைனம்பு அந்தப் பள்ளி சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறாள் அல்லவா? அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். படம் எடுத்த அன்று சாப்பிட்டதோடு சரி, அதற்கப்புறம் காரில் டிபன் வருகிறது என்றாள். சனிக்கிழமைதோறும் மத்தியானத்துக்கு மேல் அந்தப் பிள்ளையைக் காரில் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றாள். எனக்கு இது போதாதா? டாக்டர் படிப்புக் கோச்சிங் என்று நானே முடிவுகட்டினேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று இருக்கிற ஏழரை சதவீத இடத்தைத் தட்டிப் பறிக்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். அந்த இடத்தை நான் நம் பாஹிமாவுக்கு என்று ஆறாம் வகுப்பிலேயே மனசுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் தெரியும்.

உட்கார்ந்து எழுதினேன் மச்சான், ஒரு மொட்டைக் கடுதாசி.

கல்வி அதிகாரிக்கு எழுதினேன். அந்தப் பெண் வருகைப் பதிவுக்காக மட்டும் வருகிறாள், சத்துணவு தின்பது படத்துக்கு, டிபன் வருவது காரில், சனிக்கிழமை கோச்சிங், ஏழைப் பிள்ளைகளின் டாக்டர் இடம் பறிபோகிறது, இதுதான் தமிழ்ப் பற்றா என்று இரண்டு பக்கம். கையெழுத்து தெரியக்கூடாது என்று எழுத்தைப் படுக்கவைத்து எழுதினேன். தென்காசித் தபால் முத்திரை விழக்கூடாது என்று, பக்கத்து வீட்டாரோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போன அன்று குற்றாலத்தில் பெட்டியில் போட்டேன். அவ்வளவு புத்திசாலித்தனம். அன்றைக்கு அருவியில் தலையைக் கொடுத்து நின்றபோது ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஆனால் தாளை எடுத்ததும் கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்திருக்கிறது. பெயர் போடாத கடுதாசிக்குத் தலையில் கொட்டை எழுத்தில் 786 போட்டிருக்கிறேன். போட்டது எனக்கே தெரியாது. அதெல்லாம் எழுதக்கூடாது மைனி என்று உங்கள் தம்பி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

யாரைப் பற்றி மனு போகிறதோ அவர் கைக்குத்தானே அது முதலில் வரும்? சுந்தரபாண்டியன் கையில் நகல் வந்துவிட்டது. எண்ணைப் பார்த்ததும் எழுதியது நம்மவர்களில் ஒருவர் என்று ஆகிவிட்டது. சத்துணவுக் கூடத்து டிபன் கதை எல்லாம் இருக்கிறதே, பள்ளிக்குள் இருக்கிற ஆள்தான் என்றும் ஆகிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் அந்தப் பள்ளியில் ஒரே ஆள்தான். ஜைனம்பு.

விசாரணை முடியும்வரை சமையல் கூடத்துக்கு வர வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை அவளிடம் சொல்லிவிட்டார்கள். காக்கா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையில்தான். மூன்றும் பெண் பிள்ளைகள். நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தாள். புர்காவைக்கூடக் கழற்றாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ‘நூரு, நான் உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன், நீ யார்ட்டயும் சொல்லலியே?’ என்று கேட்டாள். இல்லை என்றேன் மச்சான். இல்லை என்று சொல்லிவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். அவளும் நம்பிக் குடித்தாள். இதை எழுதும்போது எனக்கு எழுத்து தெரியவில்லை.

வியாழக்கிழமை பாஹிமா பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றாமல் என் எதிரில் நின்றாள். நறுமுகை அவள் அப்பா மேஜையிலிருந்து அந்த நகலை எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அச்சில் இருந்தால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள், கையெழுத்துத் தமிழ் அவளுக்கு ஓடவில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, வாசித்துச் சொல்லு என்று நம் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறாள். இவளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டியிருக்கிறாள். எழுத்தைப் படுக்கவைத்தால் பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டதாம். நிறுத்தினால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று நிறுத்தாமல் வாசித்தாளாம்.

‘ஏழரை சதவீதம் அவளுக்குக் கிடையவே கிடையாதும்மா, ஆறாங்கிளாஸ்லேருந்து அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், இதுகூடத் தெரியாமலா எழுதுனே?’ என்று கேட்டாள். சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் போவது கோச்சிங்குக்கும் இல்லையாம். அப்பா பேசுகிற கூட்டங்களில் ‘நான் அரசுப் பள்ளி மாணவி’ என்று மேடையில் நாலு வரி பேசவைக்கிறார்களாம். அந்த நாலு வரியைத் தமிழில் வேகமாக வாசிக்க வராது என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புவதே நம் மகள்தானாம். கார் டிபனில் பாதி நம் பிள்ளை வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. இவள் முட்டை அந்தப் பிள்ளை வயிற்றுக்கு.

உனக்காகத்தானே செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ‘அவங்கப்பாவும் அவகிட்ட அப்படித்தான் சொல்லுதாரு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். மூன்று நாளாக என்னிடம் பேச்சில்லை. போனில் உங்களோடு சிரித்துப் பேசினாள் அல்லவா, அது உங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

இன்று காலை இலஞ்சிக்குப் போனேன். மாமியிடம் ரேஷன் கடை என்று சொல்லிவிட்டுப் போனேன். சுந்தரபாண்டியன் வீட்டு முன்னால் நாலு கார், பத்து வேட்டி. முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போய், எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. உள்ளே திரும்பிக் காப்பி கொண்டுவரச் சொன்னார். ‘யம்மா, இதை வெளிய சொல்லாதீங்க. தேர்தல் நேரத்துல உங்க தெருவுல எனக்குத்தான் சங்கடம். எதிர்க்கட்சிக்காரன் தூண்டிவிட்டு எழுதவச்சான்னே இருக்கட்டும். அந்தச் சமையக்காரம்மாவை அங்கன திருவேங்கடம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாத்திருவாங்க, பிரச்சினை முடிஞ்சுது’ என்றார். பேசிக்கொண்டே போனில் இரண்டு பேருக்குப் பதில் சொன்னார்.

திருவேங்கடம் எங்கே இருக்கிறது மச்சான்! இடுப்பு நகராத புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு, விடியுமுன்னே பஸ் மாறிப் போய் எப்படி உலை வைப்பாள்? மாற்றுவது என்று பெயர், விரட்டுவதுதான். இதெல்லாம் எனக்குத் தெரிந்தும், அவர் அப்படிச் சொன்ன உடனே என் நெஞ்சு லேசாகிவிட்டது. காப்பியை வாங்கிக் குடித்தேன். அந்த ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கிற நேரம் நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அவர் மேடையில் ஒன்று வீட்டில் ஒன்று என்று இரண்டு பக்கம் எழுதியவளுடைய லட்சணம் இது.

வெளியே வந்தால் கேட் பக்கத்தில் அந்தப் பிள்ளை நிற்கிறது. நான் பாஹிமா உம்மா என்று தெரிந்து ஓடி வந்தது. மெலிந்த பிள்ளை, முகத்தில் நாலைந்து பரு. நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த நறுமுகை இவள் இல்லை. ‘ஆன்ட்டி, அந்த லெட்டர் படிச்சதுலேருந்து பாஹிமா என்கிட்ட சரியா பேச மாட்டேங்கா. அவளும் அதை நம்பிட்டாளா?’ என்று கேட்டாள். பழைய பள்ளிக்கே அனுப்பச் சொல்லி அப்பாவிடம் அழுதாளாம். தேர்தல் முடியட்டும் என்றாராம். பாஹிமா இருக்கிறதால்தான் இங்கே வருகிறேன் என்றாள். அவள் தலையைத் தடவ எழுந்த கையைப் பாதியில் இறக்கிக்கொண்டேன். எனக்கு அதற்கு முகம் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பெரிய பள்ளியின் சுவர் வந்தது. உங்களிடம் மறைத்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் இரண்டாவது வாரம் நான் அந்தப் பள்ளிக்குப் போனேன். நறுமுகை விட்டுப்போன இடம் காலியாகத்தானே இருக்கும், அதை நம் பிள்ளைக்குக் கேட்கலாம் என்று போனேன். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் இரண்டு வருஷம் பின்னால் ஏழாம் வகுப்பில்தான் போட முடியும் என்று, என்னை நிற்கவைத்தே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சரி என்றிருந்தால் அன்றைக்கே பாஹிமாவை இழுத்துப்போய்ச் சேர்த்திருப்பேன். மகளை முதலில் அங்கே சேர்த்தபோது அவர் செய்த அதே காரியம்தான். எனக்குக் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரே ஜைனம்பு வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். காக்காவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். ஏசவும் இல்லை, அழவும் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல், ‘திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, பத்துக்கு முன்னாடி வந்துரு’ என்றாள். என்னை உட்காரவும் சொல்லவில்லை.

போகிறேன். சுந்தரபாண்டியன் சங்கடம் அவரோடு. எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். ‘தென்காசி அப்துல் ஜப்பார் மனைவி நூருன்னிசா ஆகிய நான்’ என்று ஆரம்பிக்கிறது. உங்கள் பெயரை இழுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உங்கள் தம்பிக்குத் தலைகுனிவு. மாமியிடம் நானேதான் சொல்ல வேண்டும். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். போனில் என்னைத் திட்டுவதாக இருந்தால் பாஹிமா பள்ளிக்குப் போன நேரம் பார்த்துத் திட்டுங்கள்.

திட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். இந்த எரிச்சல் எல்லாம் மார்க்கிலும் டாக்டர் இடத்திலும் ஆரம்பித்தது என்றுதான் நானே நினைத்திருந்தேன். இல்லை மச்சான். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று பாஹிமாவைக் கொண்டுவிட நானும் போயிருந்தேன். கேமராக்காரர்கள் கூடி நிற்க, சுந்தரபாண்டியன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நுழைந்தார். அந்தப் பிள்ளை பயத்தில் அவர் விரலை விடவே இல்லை. படத்துக்குத்தான் பிடித்தார், தெரியும். நான் பார்த்தது அவரை இல்லை, நம் பிள்ளையை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் போகும்போது அவளுக்கு நாலு வயசு. வருகிறீர்கள், பெருநாளை ஒட்டி வருகிறீர்கள், பள்ளி லீவில் வருகிறீர்கள். ஒரு தடவைகூட அவள் பள்ளி வாசலை நீங்கள் பார்த்ததில்லை. எங்களுக்காகத்தான் அங்கே கிடக்கிறீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தப் பிடியைப் பார்த்து எரிந்தது என் வயிறு. கேமராவுக்காகப் பிடித்தாலும் அது அப்பா கைதானே என்று எரிந்தது.

வருகிற ஜூன் மாதம் அவள் பத்தாம் வகுப்பு. பள்ளி திறக்கிற அன்று ஊரில் இருங்கள். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நம் வீட்டிலிருந்து பள்ளிக்கு எட்டு நிமிஷ நடை. அவளோடு அந்த எட்டு நிமிஷம் நடந்துவிட்டு, வேண்டுமானால் மறுநாளே விமானம் ஏறுங்கள், நான் அழ மாட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கு உடம்புச் சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். நம் பிள்ளையை எல்லார் கண்ணிலிருந்தும் காப்பாற்றட்டும். அடுத்தவர் பிள்ளையை என் கண்ணிலிருந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைக் கேட்டு நிற்கும்
நூருன்னிசா